வானிலைக் குறிப்பேட்டின் நாயகர் ஜான் டால்டன்

காலையில் கண் விழித்ததும் வானத்தை அண்ணாந்து பார்ப்பது மனித இயல்பு. துணி உலர்த்தப் போகும் அன்னையும், வயலுக்குப் புறப்படும் உழவரும், வலையைத் தோளில் சுமந்து கடற்கரைக்கு நடக்கும் மீனவரும், மழை வந்தால் விளையாட்டு வகுப்பு போய்விடுமே என்று கவலைப்படும் மாணவியராகிய நாமும் வானத்தைப் பார்க்கத்தான் செய்கிறோம். ஆனால் பார்த்ததை அன்றன்றே எழுதி வைப்பவர் நம்முள் எத்தனை பேர்? எழுதியதை நேற்றைய குறிப்போடும் பக்கத்து ஊரின் குறிப்போடும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இந்த எளிய வேலையை ஒரு மனிதர் தம் இருபதாம் வயதில் தொடங்கி, இறப்பதற்கு முந்தைய நாள் வரை ஐம்பத்தேழு ஆண்டுகள் விடாது செய்தார். அவர்தாம் ஜான் டால்டன். வேதியியல் நூலில் அணுக்கொள்கை என்னும் பாடத்தில் அவருடைய பெயரை நாம் படித்திருக்கிறோம். தேர்வுக்காக அக்கொள்கையின் கூறுகளை வரிசையாக ஒப்புவித்தும் இருக்கிறோம். ஆனால் அவர் வேதியியலுக்கு மட்டும் உரியவர் அல்லர். புவியியல் படிக்கும் நமக்கும் உரியவர். மழையையும் காற்றையும் பார்த்துப் பார்த்தே அவர் அணுவிடம் போய்ச் சேர்ந்தார் என்பதை அறிந்தபோது நாங்கள் வியப்படைந்தோம். அவ்வியப்பை நம் பள்ளி ஆண்டு மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், மலைகளும் ஏரிகளும் சூழ்ந்த பகுதி கம்பர்லாந்து. அங்கே ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில், 1766ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் டால்டன் பிறந்தார். தந்தையார் ஜோசப் கைத்தறி நெசவாளர். தாயார் பெயர் டெபோரா. ஜோனதன் என்னும் அண்ணனும் மேரி என்னும் சகோதரியும் அவருக்கு இருந்தனர். செல்வம் என்று சொல்லிக்கொள்ள அக்குடும்பத்தில் ஒன்றும் இல்லை.

அவர்கள் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரமற்ற உடை, அளவான பேச்சு, உழைப்பு ஆகியவற்றைப் போற்றியவர்கள் அச்சபையினர். எனினும் அக்காலத்து இங்கிலாந்தில், நாட்டின் அரசாங்கத் திருச்சபையைச் சேராதவர்கள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற முடியாது. எத்துணை அறிவு இருந்தாலும் அந்த வாயில் டால்டனுக்கு அடைக்கப்பட்டே இருந்தது. இதை நாம் மறவாமல் இருந்தால்தான் அவருடைய பிற்கால வாழ்வின் பெருமை விளங்கும்.

ஊருக்கு அருகில் இருந்த குவேக்கர் பள்ளியில் அவர் படித்தார். அவ்வட்டாரத்தில் எலிஹு ராபின்சன் என்னும் பெரியவர் ஒருவர் இருந்தார். வசதி படைத்தவர், கருவிகள் செய்வதிலும் வானிலையைக் கவனிப்பதிலும் ஆர்வம் உள்ளவர். நெசவாளரின் மகனுடைய கூர்மையைக் கண்டுகொண்ட அவர், மாலை நேரங்களில் சிறுவனுக்குக் கணிதம் கற்பித்தார். வெப்பமானியையும் பாரமானியையும் டால்டன் முதன்முதலில் அறிந்துகொண்டது அவரிடத்தில்தான்.

பன்னிரண்டு வயதில் ஆசிரியர்

1778ஆம் ஆண்டில், பன்னிரண்டே வயது நிரம்பிய டால்டன் தம் ஊரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்! நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இருக்கும் தங்கைகளை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் ஒருத்தி நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்தினால் எப்படி இருக்கும்? டால்டனிடம் படிக்க வந்தவர்களுள் சிறு குழந்தைகளும் உண்டு. அவரைவிட மூத்த, வாட்டசாட்டமான பையன்களும் உண்டு. கண்டித்த குட்டி ஆசிரியரை அந்தப் பெரிய பையன்கள் சண்டைக்கு அழைத்தார்கள் என்று கூடச் சொல்வதுண்டு. கிடைத்த கட்டணமோ மிகச் சொற்பம். ஆகவே சில காலத்திற்குப் பின் அவர் வயல் வேலைக்கும் போக நேர்ந்தது.

1781ஆம் ஆண்டில், நம் வயதாகிய பதினைந்தில், டால்டன் கெண்டல் என்னும் நகருக்குச் சென்றார். அங்கே உறவினர் ஒருவர் நடத்திய குவேக்கர் பள்ளியில் அண்ணன் ஜோனதன் ஏற்கெனவே உதவி ஆசிரியராக இருந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அப்பள்ளியை நடத்தும் பொறுப்பை அண்ணன் தம்பி இருவருமே ஏற்றனர். சகோதரி மேரி வந்து வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் அங்கே படித்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கண்ணில்லாத ஆசான்

கெண்டலில் டால்டனுக்கு வாய்த்த பெரும் பேறு ஜான் காஃப் என்பவரின் நட்பு. குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயால் பார்வையை இழந்தவர் இவர். ஆயினும் இலத்தீன், கிரேக்க மொழிகளைக் கற்றவர், கணிதத்தில் வல்லவர், செடி கொடிகளைத் தொட்டும் முகர்ந்தும் இன்னதென்று சொல்லக்கூடியவர். டால்டன் அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டுவார். அவர் சொல்வதை எழுதிக் கொடுப்பார். அதற்குக் கைம்மாறாக அந்த அறிஞர் தாம் அறிந்ததையெல்லாம் இளைஞருக்கு வாரி வழங்கினார்.

நாள்தோறும் வானிலையைக் குறித்து வைக்கும்படி டால்டனைத் தூண்டியவரும் அவரே. கண் பார்வையற்ற ஒருவர், கண் பெற்ற ஒருவருக்கு உலகை உற்றுநோக்கக் கற்பித்தார்! கவனிப்பது என்பது கண்ணால் மட்டும் ஆகும் காரியம் அன்று. மனத்தாலும் ஒழுங்காலும் ஆவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1787ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் டால்டன் தம் குறிப்பேட்டில் முதல் குறிப்பை எழுதினார். அன்றிரவு வட வானில் தோன்றிய துருவ ஒளியைப் பற்றியது அது. வடதுருவத்தை அடுத்த நாடுகளின் இரவு வானில் திரைச்சீலைபோல் ஆடும் வண்ண ஒளிதான் துருவ ஒளி.

இரண்டு ஊர்கள், ஒரே கணக்கு

கடையில் கருவி வாங்கும் அளவுக்கு டால்டனிடம் பணம் இல்லை. ஆகவே வெப்பமானியையும் பாரமானியையும் தாமே செய்துகொண்டார். காற்றின் ஈரத்தை அறிய முறுக்கிய கயிறு ஒன்றையே கருவியாக்கினார். காற்றில் ஈரம் மிகும்போது கயிறு சுருங்கும், குறையும்போது நீளும். புனல் ஒன்றையும் பாத்திரம் ஒன்றையும் இணைத்தால் மழைமானி ஆயிற்று. இப்படி வீட்டுப் பொருள்களைக் கொண்டே விஞ்ஞானம் வளர்த்தவர் அவர்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு எழுதினால் அந்த ஊரின் கதை மட்டுமே கிடைக்கும். அந்த மழை அந்த ஊருக்கு மட்டுமா, நாடு முழுமைக்குமா? அந்தக் குளிர் உயரத்தால் வந்ததா, காற்றின் திசையால் வந்ததா? ஒப்பிட்டுப் பார்த்தால்தானே விடை தெரியும்? கெண்டலுக்கு வடக்கே, மலைகளுக்கு அப்பால் கெசிக் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே அருங்காட்சியகம் ஒன்றை நடத்திவந்த பீட்டர் கிராஸ்த்வெயிட் என்பவரை டால்டன் தம் முயற்சியில் சேர்த்துக்கொண்டார். தாம் செய்த கருவிகளையே அவருக்கும் அனுப்பினார். அவற்றை எப்படி வைப்பது, எப்படிப் படிப்பது என்று கடிதத்திலும் விளக்கினார்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். இரண்டு ஊர்களை ஒப்பிட வேண்டுமானால் கருவி ஒரே மாதிரி இருக்க வேண்டும். பார்க்கும் முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருவர் வெயிலில் வெப்பமானியை மாட்டிவிட்டு, மற்றவர் நிழலில் மாட்டினால் அது ஊர்களின் வேறுபாட்டைக் காட்டாது. வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். உலகெங்கும் வானிலை நிலையங்களில் வெப்பமானியைக் காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டியில், ஒரே அளவு உயரத்தில் வைப்பதன் காரணம் இதுவே.

இருவருடைய குறிப்புகளையும், இலண்டன் நகரக் குறிப்புகளையும் சேர்த்து டால்டன் ஆராய்ந்தார். கெண்டலில் பெய்யும் மழை இலண்டனில் பெய்வதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. காரணம் என்ன? அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மேற்குப் பகுதி மலைகளில் மோதி மேலே எழுகிறது, எழும்போது குளிர்கிறது, குளிர்ந்ததும் மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே போகப் போக மழை குறைகிறது. தென்மேற்குப் பருவக் காற்று வால்பாறையை நனைத்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு வரும்போது வறண்டுபோவதை நாம் பாடத்தில் படிக்கிறோமே, அதே விதிதான் அங்கும். நாடு வேறு, மலை வேறு, காற்றின் இயல்பு ஒன்றே.

துருவ ஒளியையும் இருவரும் தத்தம் ஊரிலிருந்து பார்த்தனர். அந்த ஒளிவளைவு அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிந்தது என்று அளந்தனர். இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தொலைவும் தெரியும். இரண்டு கோணங்களும் தெரியும். முக்கோணக் கணக்கு ஆயிற்று! அவ்வொளி மேகங்களுக்கெல்லாம் மிக மேலே, பற்பல மைல் உயரத்தில் இருப்பது என்று டால்டன் கணக்கிட்டார். ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் அந்த உயரம் தெரிந்திருக்காது. கணக்கு வகுப்பில் முக்கோணங்களைக் கண்டு சலித்துக்கொள்ளும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் நூலும் ஒரு நேர்மையும்

1793ஆம் ஆண்டில் வானிலை நோக்கல்களும் கட்டுரைகளும் அடங்கிய அவரது முதல் நூல் வெளிவந்தது. நம் புவியியல் நூலில் வியாபாரக் காற்றுகள் என்ற பகுதி இருக்கிறது. அக்காற்றுகள் நேராக வீசாமல் சாய்ந்து வீசுவது பூமி சுழல்வதால்தான் என்று டால்டன் தாமாகவே கண்டு எழுதினார். ஆனால் நூல் அச்சாகிக்கொண்டிருந்த வேளையில், ஜார்ஜ் ஹாட்லி என்பவர் 1735ஆம் ஆண்டிலேயே அதைச் சொல்லிவிட்டார் என்று அவருக்குத் தெரியவந்தது. டால்டன் அதை மறைக்கவில்லை. தம் நூலின் முன்னுரையிலேயே வெளிப்படையாகத் தெரிவித்துவிட்டார். பிறர் உழைப்பைத் தமதென்று சொல்லிக்கொள்ளாத அந்த உள்ளம் பாராட்டுக்குரியது.

இதற்கிடையில் மருத்துவமோ சட்டமோ படிக்கலாமா என்று டால்டன் ஆசைப்பட்டார். உறவினரிடம் யோசனை கேட்டார். அவர்கள் ஊக்கம் தரவில்லை. உன் நிலைக்கு அது ஏற்றதன்று என்ற பொருள்படவே மறுமொழி வந்தது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தோடு நம்முடன் அமர்ந்திருக்கும் தோழியர் சிலர் உண்டு. உன் நிலைக்கு இது போதும் என்ற சொல் எவ்வளவு கனமானது என்பது அவர்களுக்குத் தெரியும். டால்டன் அந்தச் சொல்லைக் கேட்டு முடங்கிவிடவில்லை. கோபித்துக்கொண்டு கிளம்பிவிடவும் இல்லை. தமக்குத் திறந்திருந்த வழியில், அதாவது கற்பித்தலிலும் குறிப்பெழுதுவதிலும், மேலும் ஆழமாகச் சென்றார்.

அதே 1793ஆம் ஆண்டில், காஃப் அவர்களின் பரிந்துரையால், மான்செஸ்டர் நகரிலிருந்த ஒரு கல்லூரியில் கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் கற்பிக்கும் பணி கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் இடம் பெறாதவர்களின் பிள்ளைகளுக்காகவே நடத்தப்பட்ட கல்லூரி அது. சில ஆண்டுகளுக்குப் பின் அப்பணியை விட்டு, தனிப்பட்ட முறையில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே வாழ்நாள் முழுதும் பிழைத்தார். 1801ஆம் ஆண்டில் ஆங்கில இலக்கண நூல் ஒன்றையும் எழுதி வெளியிட்டார்.

நிறம் அறியாத கண்கள்

டால்டனுக்கு ஒரு குறை இருந்தது. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரியவில்லை. நெடுநாள் அதை அவரே உணரவில்லை. ஒரு நாள் இளஞ்சிவப்பு ஜெரேனியம் மலர் ஒன்றைப் பகலில் பார்த்தபோது நீலமாகவும், இரவில் மெழுகுவத்தி ஒளியில் பார்த்தபோது சிவப்பாகவும் அவருக்குத் தோன்றியது. மற்றவர்களைக் கேட்டார். அவர்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. அண்ணனைக் கேட்டார். அவருக்கும் தம்மைப்போலவே தெரிந்தது!

வேறு ஒருவராயின் வெட்கப்பட்டு மூடி மறைத்திருப்பார். டால்டனோ தம் குறையையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். தமக்கும் பிறர்க்கும் தெரிவதை ஒப்பிட்டு எழுதி, 1794ஆம் ஆண்டில் மான்செஸ்டர் இலக்கிய தத்துவக் கழகத்தில் படித்தார். நிறக்குருடு பற்றி எழுந்த முதல் விஞ்ஞானக் கட்டுரைகளுள் அது ஒன்று. இன்றும் பிரெஞ்சு மொழியில் நிறக்குருட்டுக்கு அவருடைய பெயரையே வழங்குகின்றனர். கண்ணுக்குள் இருக்கும் நீர் நீல நிறமாக இருப்பதே காரணம் என்று அவர் கருதினார். இறந்தபின் தம் கண்களைச் சோதித்துப் பார்க்கும்படியும் கூறிவைத்தார். சோதித்தபோது அந்த நீர் தெளிவாகவே இருந்தது. அவர் கருத்து தவறாயிற்று. பாதுகாக்கப்பட்ட அக்கண்ணின் திசுவை 1990களில் விஞ்ஞானிகள் மரபணு முறையில் ஆராய்ந்து, பச்சை ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்று கண்டனர். இறந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆனபின்பும் தம் கேள்விக்கு விடை பெற்ற மனிதர் டால்டன்!

மழையிலிருந்து அணுவுக்கு

மழை நீர் எங்கே போகிறது? ஆறுகளும் ஊற்றுகளும் மழை நீரால்தான் நிரம்புகின்றனவா, அல்லது பூமிக்கடியில் வேறு நீர்க் களஞ்சியம் உண்டா? அக்காலத்தில் இது தீராத வழக்கு. டால்டன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, மூன்றடி ஆழமும் பத்து அங்குல அகலமும் உள்ள தகர உருளை ஒன்றைத் தரையில் புதைத்தார். அதில் சரளையும் மணலும் மண்ணும் நிரப்பினார். மேலே புல்லும் வளர்ந்தது. பக்கத்தில் குழாய்கள் பொருத்தி, வழிந்து வரும் நீரைப் புட்டிகளில் பிடித்து அளந்தார். பெய்த மழையிலிருந்து வடிந்த நீரைக் கழித்தால், ஆவியாகிப் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும் அல்லவா? 1796 முதல் மூன்று ஆண்டுகள் இதைச் செய்தார். மழையும் பனியுமே ஆறுகளுக்கும் ஆவியாதலுக்கும் போதுமானவை என்ற முடிவுக்கு வந்தார். நாம் வட்டம் வரைந்து அம்புக்குறி இட்டுக் காட்டும் நீர்ச் சுழற்சியை, அவர் ஒரு தகர உருளையில் அளந்து காட்டினார்.

நீராவி காற்றில் எப்படி இருக்கிறது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. உப்பு நீரில் கரைவதுபோல் நீர் காற்றில் கரைகிறது என்று பலர் நம்பினர். டால்டன் அதை மறுத்தார். நீராவி காற்றோடு கலந்திருந்தாலும் தனக்குரிய அழுத்தத்தைத் தனியே செலுத்துகிறது என்று சோதனைகளால் காட்டினார். காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால் மேலும் ஆவியாவது மெதுவாகும். கடலோர ஊரில் வியர்வை உலராமல் நாம் தவிப்பதற்கும், வறண்ட ஊரில் துணி விரைவில் காய்வதற்கும் காரணம் இதுவே.

காற்றில் ஆக்சிஜன், நைட்ரஜன், நீராவி எனப் பல உண்டு. எடை மிகுந்தது அடியிலும் குறைந்தது மேலேயும் எண்ணெயும் தண்ணீரும்போல் ஏன் பிரிந்து நிற்கவில்லை? மலையுச்சியிலும் அடிவாரத்திலும் காற்று ஏறத்தாழ ஒரே கலவையாக இருப்பது ஏன்? வானிலையைப் பார்த்துப் பழகிய மனத்தில் எழுந்த இந்த வினா டால்டனை விடவில்லை. வாயுக்கள் மிகச் சிறிய துகள்களால் ஆனவை. ஒவ்வொரு வாயுவின் துகளுக்கும் தனித்தனி எடை உண்டு என்று எண்ணிச் சென்றார். 1803ஆம் ஆண்டில், ஹைட்ரஜனை ஒன்று என்று கொண்டு, மற்ற அணுக்களின் எடைகளைக் குறித்த முதல் பட்டியலைத் தம் ஏட்டில் எழுதினார். 1808ஆம் ஆண்டில் அவரது வேதியியல் தத்துவ நூலின் முதற்பகுதி வெளிவந்தது. அவர் குறித்த எடைகள் பல பின்னர் திருத்தப்பட்டன. நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றும் ஆக்சிஜன் அணு ஒன்றும் இருப்பதாக அவர் கொண்டது பிழை என்று நாம் இன்று அறிவோம். ஆயினும் அணுவை எடை போட முடியும் என்ற துணிவை உலகுக்குத் தந்தவர் அவரே.

எளிய வாழ்வு

புகழ் வந்தபின்னும் டால்டனின் நாள் மாறவில்லை. திருமணம் செய்துகொள்ளாத அவர், மான்செஸ்டரில் நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு நெடுங்காலம் தங்கியிருந்தார். அவர் சன்னலைத் திறந்து வெப்பமானியைப் பார்க்கும் வேளையை வைத்தே எதிர் வீட்டு அம்மையார் மணியைத் தெரிந்துகொள்வாராம்! வியாழக்கிழமை பிற்பகல் மட்டும் நண்பர்களுடன் புல்வெளியில் பந்து உருட்டி விளையாடுவார். கோடை விடுமுறையில் தாம் பிறந்த மலைநாட்டுக்குச் சென்று, சுமார் 950 மீட்டர் உயரமுள்ள ஹெல்வெலின் மலையில் ஏறுவார். உல்லாசத்துக்காக மட்டும் அன்று. உயரம் கூடக் கூட வெப்பமும் ஈரமும் எப்படிக் குறைகின்றன என்று அளக்கத்தான்.

பிரான்சு நாட்டு விஞ்ஞானி ஒருவர் அவரைக் காண வந்த கதை புகழ்பெற்றது. பெரிய மாளிகையில், பேராசிரியர் கூட்டத்தின் நடுவே டால்டனைக் காணலாம் என்று எண்ணி வந்தவர், ஒரு சிறிய அறையில் சிறுவன் ஒருவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த முதியவரைக் கண்டார். பையனின் கணக்கு முடியும் வரை சற்று அமர்ந்திருக்கும்படி டால்டன் அவரைக் கேட்டுக்கொண்டாராம். உலகம் போற்றும் விருந்தினரைவிட, கணக்குப் புரியாத சிறுவனே அந்த ஆசிரியருக்கு அப்போது முக்கியம். இப்படி அவரிடம் பாடம் கேட்டவர்களுள் ஒருவர், பின்னாளில் வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ஜேம்ஸ் ஜூல்.

1822ஆம் ஆண்டில் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1826ஆம் ஆண்டில் அரச பதக்கம் கிடைத்தது. மாணவராக அவரை ஏற்காத ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமே 1832ஆம் ஆண்டில் அவரை அழைத்து டாக்டர் பட்டம் அளித்தது! அடைத்த கதவு அவர் தட்டாமலே திறந்தது. பட்டத்துக்குரிய அங்கியோ செக்கச் சிவந்தது. குவேக்கர்கள் அத்தகைய நிறத்தை அணிவதில்லை. ஆனால் டால்டனின் கண்ணுக்கு அது இலையின் நிறமாகத் தெரிந்ததால், எந்தத் தயக்கமும் இன்றி அதை அணிந்துகொண்டே 1834ஆம் ஆண்டில் மன்னர் நான்காம் வில்லியத்தையும் கண்டு வந்தார்.

கடைசிக் குறிப்பு

1837ஆம் ஆண்டில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. பேச்சும் நடையும் தளர்ந்தன. ஆயினும் குறிப்பேடு மூடப்படவில்லை. 1844ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், நடுங்கும் கையால் அன்றைய வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும், அன்று சிறிதளவே மழை பெய்தது என்பதையும் எழுதினார். மறுநாள் காலை அவர் உயிர் பிரிந்தது. அவர் எழுதி வைத்த வானிலைக் குறிப்புகள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவை. நகர மன்றத்தில் வைக்கப்பட்ட அவருடைய உடலுக்குச் சுமார் 40,000 மக்கள் வரிசையாக வந்து மரியாதை செலுத்தினர். நெசவாளர் மகனுக்கு ஒரு நகரமே விடை கொடுத்தது. அவர் விட்டுச் சென்ற கையெழுத்துப் படிகள் பல, இரண்டாம் உலகப் போரில், 1940ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த குண்டு வீச்சில் அழிந்தன. ஏடுகள் எரிந்தன, அவர் காட்டிய வழி எரியவில்லை. அணுவின் எடையைக் குறிக்கும் அலகுக்கு இன்றும் டால்டன் என்று பெயர் வழங்குகிறது.

நாம் கற்கும் பாடம்

அன்புத் தோழியரே, டால்டன் வாழ்வில் மந்திரம் எதுவும் இல்லை. விலையுயர்ந்த கருவி இல்லை. நிறங்களைச் சரியாகக் காணும் கண் கூட இல்லை. ஒரு நாளும் தவறாத ஒழுங்கு இருந்தது. கண்டதை உள்ளபடி எழுதும் நேர்மை இருந்தது. தாம் கண்டதே முடிவு என்று இறுமாந்திராமல், மற்றோர் ஊரில் இன்னொருவர் கண்டதோடு ஒத்துப் பார்க்கும் பணிவு இருந்தது.

இவை மூன்றும் நம்மால் இயலாதவையா? ஒரு வெப்பமானியும், ஒரு கண்ணாடிப் புட்டியும், ஒரு புனலும், நாற்பது பக்க நோட்டு ஒன்றும் போதுமே! விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் தோழியர் அங்கே எழுதட்டும். இங்கே இருப்பவர் இங்கே எழுதட்டும். பள்ளி திறந்ததும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஏன் அங்கே மழை, ஏன் இங்கே வெயில் என்று கேட்போம். அந்தக் கேள்வியிலிருந்துதான் புவியியல் பிறக்கிறது. நூலில் இருக்கும் படம் அப்போதுதான் நம் ஊரின் வானமாக மாறும்.

இறைவன் படைத்த இவ்வுலகை நாள்தோறும் உற்றுநோக்கி, உண்மையை உள்ளபடி எழுதி, ஒருவர்க்கொருவர் சொல்லி மகிழ்வோமாக!

பத்தாம் வகுப்பு மாணவி